வேலூருக்கு வரும் விருந்தாளிகளுக்கு நம் ஊரின் தொன்மையையும் இயற்கையையும் இரண்டு மூன்று நாளில் எப்படிக் காட்டுவது?

வெளிநாட்டிலிருந்து நண்பர் குடும்பம் வருகிறது, முதல் நாள் கோட்டை, கோயில், அடுத்த நாள் காடு, மலை என்று திட்டம் போட்டிருக்கிறேன், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இடங்கள் எல்லாம் சரி. ஆனால் கோயில் தனி, காடு தனி என்று பிரிக்காதீர்கள். நம் தொண்டை நாட்டில் அந்த இரண்டையும் யாரும் பிரித்து வைத்ததில்லை, நாம் மட்டும் ஏன் பிரித்துக் காட்ட வேண்டும்?

இது எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். நான் காட்பாடிக்காரி. சில வருடங்களுக்கு முன் என் அண்ணன் ஜெர்மனியிலிருந்து வந்தபோது கூட வேலை செய்யும் ஒரு தம்பதியையும் அழைத்து வந்தார். ஒரே நாளில் ஆறு இடம் சுற்றிக் காட்டினேன். எந்த நூற்றாண்டு, எந்த மன்னன், யார் யாரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். ராத்திரி சாப்பிடும்போது என்ன பிடித்தது என்று கேட்டால் அந்த அம்மா யோசித்துவிட்டு, கோட்டைச் சுவரில் கல்லிடுக்கு ஒன்றிலிருந்து கிளி எட்டிப் பார்த்ததே, அதுதான் என்றார். அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம். அப்புறம் யோசித்தபோது அவர் பார்த்ததுதான் சரியான தொடக்கம் என்று தோன்றியது.

அதனால் இப்போது கோட்டையைக் கிளியில்தான் ஆரம்பிக்கிறேன். காலை ஆறரை மணிக்கு அகழி ஓரம் போய் நின்றால் சுவர் இடுக்குகளில் கிளிகள் போவதும் வருவதும் தெரியும், தண்ணீரில் நீர்க்காகம் இருக்கும். கொஞ்ச நேரம் பேசாமல் பார்க்கட்டும். பிறகு உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போய், தூண்களில் இருக்கும் யாளிகளையும் குதிரை வீரர்களையும் பார்த்து முடித்ததும் நிமிர்ந்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். விதானத்தில் தாமரையைச் சுற்றி வளையமாகக் கிளிகள், தலைகீழாகத் தொங்கும். வெளியே பார்த்த அதே கிளி! நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முன் அந்தச் சிற்பியும் இதே பறவையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருப்பான் என்று சொன்னால் வேறு விளக்கமே தேவைப்படாது.

வரலாற்றை விட்டுவிடச் சொல்லவில்லை, அளவாகச் சொல்லுங்கள் என்கிறேன். இந்தக் கோயிலில் நெடுங்காலம் பூசையே இல்லை, சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981இல்தான் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் இந்தக் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்ததையும், புதிய தலைப்பாகையும் நெற்றிக்குறி, தாடி பற்றிய உத்தரவுகளும் அதைத் தூண்டியதையும், 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டு முன்பே அது நடந்ததையும் சொல்லுங்கள். விருந்தாளிகளில் இலங்கைக்காரர் இருந்தால் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கும் போங்கள், கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் இங்கே சிறையிருந்து 1832இல் இறந்தவர். மற்ற படையெடுப்புக் கதையெல்லாம் காரில் போகும்போது பேசிக்கொள்ளலாம்.

அடுத்தது வள்ளிமலை, காட்பாடியிலிருந்து பொன்னை போகிற பக்கம். கிளி இங்கேயும் வரும். வேடர் குலத்தில் வளர்ந்த வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று, கவண் வீசி, ஆலோலம் பாடிக் கிளி விரட்டிய மலை என்பதுதான் ஊர் நம்பிக்கை. மலையேறும்போது இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே போங்கள், குழந்தைகள் கால் வலியை மறந்துவிடுவார்கள். அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன, கங்க மன்னன் இராசமல்லன் பெயர் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது, கன்னடக் கல்வெட்டு கூட உண்டு. ஒரே மலையில் முருகனும் தீர்த்தங்கரரும் கன்னடமும் எப்படி என்று வருகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இது எல்லை நாடு, வந்தவர்கள் எல்லாரும் எதையாவது வைத்துவிட்டுப் போனார்கள் என்பேன்.

பக்கத்திலேயே மேல்பாடி, பொன்னையாற்றங்கரை. முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த மன்னன் நினைவாக எடுத்த கோயில், அங்கே இருக்கிறது. சின்னக் கோயில்தான். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்றால் கட்டாயம் காட்டுங்கள், அவ்வளவு பெரிதாகக் கட்டியவன் பாட்டனுக்கு எவ்வளவு அடக்கமாகக் கட்டியிருக்கிறான் என்று அவர்களே பார்க்கட்டும்.

என் மனசுக்கு ரொம்பப் பிடித்தது மகேந்திரவாடி. காட்பாடி அரக்கோணம் ரயில் தடத்தில் அந்தப் பெயரில் ஸ்டேஷனே இருக்கிறது. வெட்டவெளியில் ஒற்றைப் பாறை, அதைக் குடைந்து ஒரு குகைக் கோயில். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் செய்தது. கல்வெட்டு சொல்வது இவ்வளவுதான்: மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், பாறையைப் பிளந்து குணபரன் எடுத்த மகேந்திர விஷ்ணு கிருகம். ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்திருக்கிறான் பாருங்கள்! குணபரன் என்பதும் அவன்தான். கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், ஏரிக்கரைக்கு வாருங்கள். கொக்கும் நாரையும் நிற்கிற அந்தத் தண்ணீரும் கல்லைப் போலவே அவன் விட்டுப்போனதுதான். ஒருமுறை கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் "இன்னாம்மா, இவங்கள எங்கருந்து இட்னு வந்த?" என்று கேட்டார். கோயில் பார்க்க வந்தார்கள் என்றேன். "கோயிலு பூட்டித்தான் கெடக்கும்மா, ஏரி ரொம்பிச்சினா அதான் எங்களுக்குக் கோயிலு" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன், வந்தவர்கள் அவரைக் கும்பிட்டார்கள்.

மூன்றாவது நாள் இருந்தால் செங்கம் பக்கம் எடுத்தனூர். இப்போது திருவண்ணாமலை மாவட்டம், 1989 வரை நம் வட ஆற்காடுதான். அங்கே ஒரு நடுகல். எருமை மந்தையைக் காத்து விழுந்த வீரனுக்கு வைத்த கல், அதே மகேந்திரவர்மன் காலம். வீரன் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய ஊர்க்காரர்கள்! இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும், நாய் வளர்க்கிறவர்கள் யாராவது கூட இருந்தால் அவர்களுக்கும்தான்.

காடு என்றால் அமிர்தி பக்கம்தான், அரை நாள் போதும். நேரமிருந்தால் ஜவ்வாது மலை ஏறுங்கள். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் இல்லை) இன்றும் அங்கே சாமை விதைக்கிறார்கள். கதிர் முற்றும் நேரத்தில் போனால் தகரத்தைத் தட்டி, குரல் கொடுத்து, கிளியையும் குருவியையும் விரட்டுவதைக் கேட்கலாம், வள்ளிமலையில் நீங்கள் சொன்ன கதை அங்கே வயலில் நடந்துகொண்டிருக்கும். வீடுகளை, பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டுமானால் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். காவலூர் வானாய்வகமும் அதே மலையில்தான், 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, பார்வையாளர் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆறு எங்கே என்று கேட்பார்கள். பாலாற்றை மறைக்காதீர்கள். மணல் எடுத்ததையும் தோல் தொழிற்சாலைக் கழிவு சேர்ந்ததையும் சொல்லுங்கள், 2021 நவம்பரில் கரை முட்டிப் போனதையும் சொல்லுங்கள். இப்போதைய நிலையை மூடி மறைத்துவிட்டுப் பழம்பெருமை மட்டும் பேசினால் விருந்தாளிக்கு நாம் உண்மையாக இல்லை.

சாப்பாட்டுக்கு ஆம்பூர் பிரியாணியை அவர்களே தேடிப் பிடித்துவிடுவார்கள். நீங்கள் வீட்டில் இலவம்பாடி முள் கத்திரிக்காய்க் குழம்பு வையுங்கள், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், இந்த மண்ணுக்கே உரியது. மார்கழி, தை மாதம் வரச் சொல்லுங்கள். சித்திரையில் வந்தால் பத்து மணிக்குப் பிறகு பாறையில் கால் வைக்க முடியாது.