லீஸ் அண்ணன் பேர்ல, கடை யாருக்கு?

அக்கா, குன்னூர் மார்க்கெட்ல அப்பா லீஸுக்கு எடுத்த கடை எங்களுது. அப்பா தவறினதும் அண்ணன் லீஸ தன் பேர்ல மட்டும் புதுப்பிச்சுக்கிட்டாரு, டெபாசிட் கட்டுனது கடை வருமானத்துலதான். கேட்டா "டிரஸ்ட்னு எழுதியா குடுத்தேன்"ங்கிறாரு. ஒரு வக்கீல் இது கன்ஸ்ட்ரக்டிவ் டிரஸ்ட்ங்கிறாரு, இன்னொருத்தர் அதெல்லாம் பினாமி சட்டத்தோட போச்சுங்கிறாரு. எது சரி?
ஆர்., குன்னூர்

தம்பி,

அண்ணன் எழுதிக் குடுக்கலதான், ஆனா கன்ஸ்ட்ரக்டிவ் டிரஸ்ட்டுக்கு எழுத்தே வேணாம், அப்படி ஒரு எண்ணம் அவர் மனசுல இருந்திருக்கணும்னு கூட இல்ல. அவர் நடந்துக்கிட்டத பாத்து, சொத்த மத்தவங்களுக்காகத்தான் வச்சிருக்கணும்னு சட்டம் அவர் தலையில கட்டுற பொறுப்பு அது.

1726ல லண்டன் பக்கம் ரோம்ஃபோர்ட் சந்தையோட குத்தகைய ஒரு சின்னப் பையனுக்காக ஒரு டிரஸ்டி வச்சிருந்தாரு. காலம் முடிஞ்சதும் ஓனர், பையனுக்கு புதுப்பிச்சுத் தரமாட்டேன்னுட்டாரு, டிரஸ்டி தன் பேர்ல எடுத்துக்கிட்டாரு. கோர்ட் அந்தக் குத்தகை பையனுக்குத்தான்னு சொல்லிருச்சு. பையனுக்கு எப்படியும் கிடைச்சிருக்காது, டிரஸ்டி ஏமாத்தினாருன்னும் யாரும் சொல்லல, இருந்தும் அந்த இடத்துல இருக்குறவர் தனக்குன்னு எடுத்துக்கக் கூடாதுன்னுட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்ப்பு இது.

நம்ம 1882 டிரஸ்ட் சட்டத்துல 90வது பிரிவும் இதே வழிதான். கூட்டு உரிமைக்காரர் ஒருத்தர் அந்த உரிமைய வச்சு மத்தவங்க பங்கக் குறைச்சு ஒரு லாபம் அடைஞ்சா, அத எல்லாருக்காகவும்தான் வச்சிருக்கணும், முறையா ஆன செலவுல அவங்கவங்க பங்க மத்தவங்க அவருக்குத் திருப்பித் தரணும். லீஸ தன் பேர்ல புதுப்பிக்கிறத அந்தப் பிரிவே உதாரணமா சொல்லுது. ஒண்ணு மட்டும் முதல்ல பாருங்க: அப்பாவோட உரிமை உங்க எல்லாருக்கும் இறங்குற மாதிரி லீஸா, இல்ல இடத்தப் பயன்படுத்திக்க அவருக்கு மட்டும் குடுத்த அனுமதியா, அதாவது வெறும் லைசென்ஸா? லைசென்ஸ்னா இந்த வாதம் ரொம்ப பலவீனம்.

ரெண்டாவது வக்கீல் சொன்னதுல பாதி உண்மை. கனடாவுல 1980ல இருந்து, ஒருத்தர் நியாயமில்லாம சேத்தத திருப்பி வாங்கிக் குடுக்க கோர்ட்டே கன்ஸ்ட்ரக்டிவ் டிரஸ்ட்ட ஒரு பரிகாரமா தரும். இங்கிலாந்துல அத ஏத்துக்கல, சம்பவம் நடந்தப்பவே டிரஸ்ட் உருவாயிருச்சு, கோர்ட் அத அறிவிக்குது, அவ்வளவுதான்ங்கிறாங்க. நம்ம சட்டம் ஒவ்வொரு சூழலையும் தனித்தனி பிரிவா எழுதி, எதுலயும் அடங்காததுக்கு 94வது பிரிவுன்னு ஒண்ணு வச்சிருந்துச்சு. 1988 பினாமி சட்டம், டிரஸ்ட் சட்டத்தோட 81, 82வது பிரிவுகளோட சேத்து அந்த 94ஐயும் தூக்கிருச்சு. ஆனா 90வது பிரிவு அப்படியேதான் இருக்கு, அதனால பொதுவா நியாயம் கேட்டு நிக்காம 90க்குள்ள உங்க கேஸ நிறுத்துங்க. பினாமி தடையும் நம்பிக்கைப் பொறுப்புல இருக்குறவர் பேர்ல உள்ள சொத்துக்கு இல்ல. அம்மா வாடகைக்கு இருந்த பெங்களூர் வீட்ட கூடப்பிறந்தவங்க காசு போட்டு ஒருத்தர் பேர்ல வாங்கின மார்செல் மார்ட்டின்ஸ் வழக்குல 2012ல சுப்ரீம் கோர்ட் இதத்தான் சொல்லுச்சு.

என் கவலை காலக்கெடுதான். குறிப்பிட்ட நோக்கத்துக்குன்னு வெளிப்படையா சொத்து ஒப்படைக்கப்பட்ட டிரஸ்டி மேல வழக்குப் போட காலக்கெடு கிடையாதுன்னு 1963 லிமிடேஷன் சட்டம் 10வது பிரிவு சொல்லுது, கன்ஸ்ட்ரக்டிவ் டிரஸ்ட்டுக்கு அந்தச் சலுகை இல்ல. சொந்தக்காரங்க பேசி முடிச்சுத் தருவாங்கன்னு வருஷக்கணக்கா இருந்துராதீங்க தம்பி. உங்க பங்கு விஷயம் தெரியாம நல்ல எண்ணத்துல யாராவது காசு குடுத்து அண்ணன்கிட்ட வாங்கிட்டா 96வது பிரிவு அவங்களக் காப்பாத்தும். அதனால டெபாசிட் ரசீது, கடை கணக்கு நோட்டு, அப்பாவோட பழைய லீஸ் மூணையும் எடுத்துக்கிட்டு இந்த வாரமே அந்த முதல் வக்கீலப் பாருங்க.