ஹாட் ரன்னர் கன்ட்ரோலரில் கூடுதல் ஜோன்: கேள்வி பதில்

ஓசூர், மோல்டிங் கூடம்: எங்கள் ஹாட் ரன்னர் (மோல்டுக்குள் பிளாஸ்டிக்கை உருகிய நிலையிலேயே வைக்கும் சூடான பாதை) கன்ட்ரோலர் 12 ஜோன், அதாவது தனித்தனியே வெப்பம் கட்டுப்படுத்தும் 12 பகுதிகள். புதிய மோல்டுக்கு 16 வேண்டும். பெட்டியில் நான்கு ஸ்லாட் காலி. கார்டு (ஜோனின் ஹீட்டரை இயக்கும் மின்பலகை) வாங்கிச் செருகினால் போதுமா, ஐயா?

போதாது. ஸ்லாட் காலியாக இருந்தால் கேபிளிலும் இடம் இருக்கிறது என்று பொருளல்ல. ஹீட்டர் ஒவ்வொன்றும் 1,200 வாட் என்று கொள்வோம். இப்போதுள்ள 12 ஜோனும் மூன்று ஃபேஸில் சமமாகப் பிரிந்து, ஃபேஸுக்கு நான்கு ஜோன் என்றால் 4,800 வாட். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 21 ஆம்பியர். புதிய நான்கையும் ஒரே ஃபேஸில் கோத்தால் அது மட்டும் 42 ஆம்பியரை நெருங்கும். ஆறு, ஐந்து, ஐந்து என்று பிரித்தால் அதிகபட்சம் 31 ஆம்பியர். அதையும் மெயின் பிரேக்கர், உள் வயரிங், வரும் கேபிள் மூன்றும் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

சுமை சமமில்லாதபோது நியூட்ரலில் மின்னோட்டம் ஏறும். நியூட்ரல் முனை தளர்ந்து துண்டிக்கப்பட்டால், சுமை குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 230-ஐத் தாண்டி ஏறி ஹீட்டர்களையும் கார்டுகளையும் எரித்துவிடும். நியூட்ரல் முனையை முறுக்கிப் பார்க்காமல் பெட்டியை மூடாதீர்கள்.

மெயினை அணைத்துப் பூட்டுப் போட்ட பிறகே கை வையுங்கள். எஸ்எஸ்ஆர் (ஹீட்டருக்கு மின்சாரம் விடும் மின்னணு சுவிட்ச்) அணைந்திருந்தாலும் அதன் வழியே சிறு கசிவு இருக்கும். ஹீட்டர் முனையைத் தொட்டால் ஷாக் அடிக்கும்.

கோவை: மோல்டில் இருப்பது கே வகை தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் சென்சார்). கார்டு ஜே வகைக்கு அமைத்தது. பரவாயில்லையா?

கூடவே கூடாது. மோல்டின் நாசில் முனை உண்மையில் 200 டிகிரியில் இருக்கும்போது திரை 160-ஐ ஒட்டிக் காட்டும். 200 காட்டும்வரை கன்ட்ரோலர் சூடேற்றிக்கொண்டே போனால் உண்மை வெப்பம் 250-ஐத் தாண்டிவிடும். அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கை ஓட்டினால் அது சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயு வெளிவரும். அமைப்பை மாற்றுங்கள், முடியாவிட்டால் சென்சாரை மாற்றுங்கள்.

அம்பத்தூர்: 8 ஜோனை 12 ஆக்க வேண்டும். கார்டு செருகினால் போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

திருப்பெரும்புதூர்: கார்டில் ஃப்யூஸுக்குப் பதில் எம்சிபி (சிறு பிரேக்கர்) போடலாமா?

வேண்டாம். எம்சிபி விழுவதற்குள் ட்ரையாக் (கார்டில் உள்ள மின்னணு சுவிட்ச்) போய்விடும். கார்டு தயாரிப்பாளர் சொன்ன அதிவேக ஃப்யூஸையே போடுங்கள்.

ஈரோடு: கன்ட்ரோலரிலேயே அதிவெப்ப அலாரம் இருக்கிறது. தனியாகக் கான்டாக்டர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) வைப்பது வீண்செலவுதானே?

இல்லை. எஸ்எஸ்ஆர் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அலாரம் அதற்குப் போகும் சிக்னலைத்தான் நிறுத்துகிறது. ஷார்ட் ஆனது சிக்னலுக்குக் கட்டுப்படாது.

ஈரோடு, மீண்டும்: அலாரம் அடித்தால் ஆள் வந்து அணைப்பார். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

இரவு ஷிப்டில் ஓர் ஆள் மூன்று இயந்திரங்களைப் பார்க்கிறார் என்றால் அந்த நம்பிக்கை யார் தலையில் விழுகிறது? தனிச் சென்சார், தனி லிமிட் கன்ட்ரோலர் (வெப்பம் எல்லை தாண்டினால் அணைக்கும் கருவி), மெயின் மின்சாரத்தையே துண்டிக்கும் கான்டாக்டர்: மூன்றும் வேண்டும். லிமிட் தானாக மீளக் கூடாது; ஆள் வந்து கையால் ரீசெட் செய்ய வேண்டும்.

சேலம்: நானும் ஈரோட்டுக்காரர் பக்கம்தான். மெயின் கான்டாக்டர் விழுந்தால் 16 ஜோனும் குளிர்ந்து உற்பத்தி நின்றுவிடுமே?

நிற்கட்டும். ஜோன்களை இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு கான்டாக்டர் வைத்தாலும், ஒரு குழு குளிர்ந்தால் மோல்டு ஓடாது. நின்ற மோல்டை மறுபடி சூடேற்றலாம். எரிந்த மேனிஃபோல்டுக்கு (உருகிய பிளாஸ்டிக்கைப் பிரித்து அனுப்பும் சூடான பகுதி) வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பெயர் தராதவர்: வீட்டு வாட்டர் ஹீட்டருக்கு இன்னொரு ஹீட்டர் சேர்க்கலாமா?

என் துறை அல்ல. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

ஓசூர், மீண்டும்: மோல்டு மழைக்காலம் முழுக்கக் கிடங்கில் கிடந்தது. நேராக 220 டிகிரி வைக்கலாமா?

வேண்டாம். ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மெகரால் (மின்காப்பை அளக்கும் கருவி) இன்சுலேஷனை அளந்துவிட்டு, சாஃப்ட் ஸ்டார்ட்டில் (மெதுவாகச் சூடேற்றும் முறை) 100 டிகிரியை ஒட்டி நிறுத்தி உலர்த்துங்கள். மறுபடி அளந்து, அளவு ஏறியிருந்தால் மட்டும் மேலே போங்கள்.