14 வயது நெருங்கியும் மீசை அரும்பவில்லை, உயரமும் கூடவில்லை: மகனுக்கு ஹார்மோன் ஊசி போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது 8 மாதம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். உயரம் 146 செ.மீ., எடை 36 கிலோ. போன வருடம் இதே மாதம் பள்ளியில் அளந்தபோது 141.5 செ.மீ. இருந்தான். காலை பிரேயரில் வரிசையின் முதல் ஆள் இவன்தான். கூடப் படிக்கும் பையன்களுக்குக் குரல் உடைந்து மீசையும் அரும்பிவிட்டது. இவனுக்கு ஒன்றும் இல்லை. 12 வயதான என் அண்ணன் மகளே இவனைவிட உயரம். 'பொடியா' என்று எல்லோரும் கூப்பிடுவதால் கிரிக்கெட் விளையாடப் போவதையே நிறுத்திவிட்டான். என் கணவர் 170 செ.மீ., நான் 154 செ.மீ. பத்தாவது வரை கணவரும் குள்ளமாகத்தான் இருந்தார், காலேஜ் போன பிறகுதான் வளர்ந்தார் என்கிறார் மாமியார். நாத்தனார் ஹார்மோன் ஊசி போடச் சொல்கிறார். மருந்துக்கடையில் ஒரு பவுடர் கொடுத்தார்கள். மூன்று டப்பா தீர்ந்தும் பலன் இல்லை. என்ன செய்யலாம் டாக்டர்?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தரும் விஷயங்கள் இரண்டு. உங்கள் மகன் ஒரு வருடத்தில் 4.5 செ.மீ. வளர்ந்திருக்கிறான். அடுத்தது, உங்கள் மாமியார் சொன்னது. அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரங்களில் விலை உயர்ந்த ரத்தப் பரிசோதனைகளைவிடப் பாட்டிமார் தரும் தகவல் எங்களுக்கு அதிகம் உதவும்.

முதலில் வளர்ச்சி வேகத்தைப் பார்ப்போம். பருவ மாற்றம் தொடங்கும் முன் பையன்கள் வருடத்துக்குச் சுமார் 5 செ.மீ. வளர்வார்கள். தொடங்குவதற்குச் சற்று முன்பு அந்த வேகம் இன்னும் கொஞ்சம் இறங்கும். பெற்றோர் பயந்துபோய் எங்களிடம் ஓடி வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கூடப் படிப்பவன் வருடத்துக்கு 9 செ.மீ. வளரும்போது நம் பையன் நாலரை வளர்ந்தால் வித்தியாசம் கண்ணில் குத்தத்தான் செய்யும். ஆனால் அவன் நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் என் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

மீசையை வைத்துப் பருவ மாற்றத்தை அளக்காதீர்கள். பையன்களுக்கு இது தொடங்குவது முகத்திலோ குரலிலோ இல்லை. முதலில் விரைகள் பெரிதாகும். பிறகு அந்தரங்கப் பகுதியில் முடி வளரும், ஆணுறுப்பு வளரும், உயரம் வேகமெடுக்கும். குரல் உடைவதும் மீசை கறுப்பதும் அதற்குப் பின்னால்தான். விரைகள் பெரிதாகத் தொடங்கியதை வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், பல சமயம் அந்தப் பையனே கவனித்திருக்க மாட்டான். அதனால் மீசை அடர்ந்துவிட்ட நண்பன், வேகமாக வளரும் காலத்தில் பெரும் பகுதியைக் கடந்துவிட்டான் என்று அர்த்தம். உங்கள் மகனுக்கு அந்தக் காலம் முழுவதும் இனிமேல்தான் இருக்கிறது.

அண்ணன் மகள் விஷயம் இன்னும் எளிது. பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றத்தின் தொடக்கத்திலேயே உயரம் கூடிவிடும். வயதுக்கு வரும்போது அவர்களின் வேகமான வளர்ச்சி ஏறக்குறைய முடிந்திருக்கும், அதன் பிறகு சில சென்டிமீட்டர்தான் மிச்சம். பையன்களுக்கு இந்த வேகம் சராசரியாக இரண்டு வருடம் தள்ளித்தான் வரும். கூடுதலாகக் கிடைக்கும் அந்த இரண்டு வருட வளர்ச்சிதான், சராசரி ஆண் சராசரிப் பெண்ணைவிட 13 செ.மீ. உயரமாக இருப்பதற்கு முக்கியக் காரணம். 12 வயதுப் பெண்ணையும் 13 வயதுப் பையனையும் முதுகோடு முதுகு நிற்க வைத்து அளப்பதை இந்த விடுமுறைக்காவது விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் கணவரின் கதைக்கு வருவோம். ஆண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் இயல்புதான். இந்தக் கடைசி எல்லையை ஒட்டியோ அதைச் சற்றுத் தாண்டியோ தொடங்குபவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த நோயும் இருக்காது. அது குடும்ப வாகு. அப்பா தாமதமாக ஷேவ் செய்யத் தொடங்கியிருப்பார், அல்லது அம்மா தாமதமாக வயதுக்கு வந்திருப்பார். குறுவை கதிர் முற்றி நிற்கும்போது பக்கத்து வயலில் சம்பா பச்சையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து எந்த விவசாயியும் பயிர் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. உங்கள் கணவரின் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவையும் கல்லூரிக் கடைசி வருடப் போட்டோவையும் தேடி எடுங்கள். டாக்டரிடம் காட்டவும் உதவும், மகனிடம் காட்டவும் உதவும்.

பெற்றோரின் உயரத்தை வைத்துப் பையனின் உயரத்தைத் தோராயமாகக் கணிக்கலாம். அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, அதோடு 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு 168.5 செ.மீ. வருகிறது. இதற்கு மேலும் கீழும் 8 செ.மீ. வரை இருக்கலாம், அதாவது 160-லிருந்து 177-க்குள். தாமதமாக வளரும் பிள்ளைகளில் சிலர் கணக்கிட்ட அளவுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுவதும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் 180 செ.மீ. ஆக வேண்டும் என்ற ஆசை வீட்டில் யாருக்காவது இருந்தால், எந்த மருந்தாலும் அதைத் தர முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஒருமுறை போக வேண்டும். குழந்தைகள் நல மருத்துவர் அல்லது குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவர். அங்கே ஒரு பரிசோதனை அவசியம் நடக்க வேண்டும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். பையனின் விரைகளைக் கையால் தொட்டு அளவு பார்க்க வேண்டும். ஒரு கயிற்றில் 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை பெரிதாகிக்கொண்டே போகும் முட்டை வடிவ மணிகள் கோத்திருக்கும். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். 4 மில்லி இருந்தால் பருவ மாற்றம் தொடங்கிவிட்டது. 10, 12 மில்லி ஆகும்போது உயரம் வேகமெடுக்கும். ஒரு நிமிட வேலை. இதைப் பார்க்காமல் பத்துப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால், 'கீழேயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் டாக்டர்' என்று நீங்களே கேளுங்கள், தவறே இல்லை. வீட்டிலேயே விஷயத்தைச் சொல்லி அவனைத் தயார்ப்படுத்தி அழைத்துப் போங்கள். திடீரென்று டிரவுசரைக் கழற்றச் சொன்னால் அந்த வயதுப் பிள்ளை கூனிக் குறுகிவிடுவான்.

அடுத்து, இடது கை மணிக்கட்டுக்கு ஒரு எக்ஸ்ரே. எலும்புகளின் முதிர்ச்சியைப் பார்த்து 'எலும்பு வயது' சொல்வார்கள். உங்கள் மகனுக்கு அது 12 என்று வந்தால் கலங்க வேண்டாம், சந்தோஷப்படலாம். 12 வயதுப் பையனுக்கு 146 செ.மீ. குறையே இல்லாத உயரம். எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இன்னும் நிறைய நாள் திறந்திருக்கும் என்றும் பொருள்.

எப்போது இது வெறும் தாமதம் இல்லை? 14 வயது முடிந்தும் விரைகள் கொஞ்சமும் பெரிதாகவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. வருடத்துக்கு 4 செ.மீ.கூட வளரவில்லை என்றாலும், தொடங்கிய மாற்றம் பாதியில் நின்றாலும் அப்படித்தான். அடிக்கடி தலைவலி, வாந்தி, பார்வைக் கோளாறு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, எடை குறைதல், சிறு வயதில் விரை கீழே இறங்காமல் இருந்தது, ஆஸ்துமா போன்ற நோய்க்கு நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். அடுக்களையில் பெருங்காயம் தாளித்தால், காபி கொதித்தால் அவனுக்கு வாசனை தெரிகிறதா? பிறவியிலேயே மோப்ப உணர்வும் பருவ ஹார்மோனும் சேர்ந்தே குறைந்திருக்கும் ஒரு கோளாறு உண்டு. அரிதானது, ஆனால் இதைக் கேட்காமல் விட்டால் பல வருடம் தெரியாமலே போய்விடும்.

நாத்தனார் சொன்ன ஊசி. 'ஹார்மோன் ஊசி' என்று ஒரே பேரில் சொல்லப்பட்டாலும் இரண்டும் வேறு வேறு. வளர்ச்சி ஹார்மோன் ஊசியைத் தினமும் இரவில் தோலுக்கடியில், வருடக்கணக்கில் போட வேண்டும். செலவு கையைக் கடிக்கும். அந்த ஹார்மோன் உடலில் உண்மையிலேயே குறைவாக இருப்பவர்களுக்கும், குறிப்பிட்ட சில நோய் உள்ளவர்களுக்கும்தான் அது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு அது தேவைப்படும் என்று தோன்றவில்லை. இன்னொன்று டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். 14 வயது தாண்டியும் பருவ மாற்றம் தொடங்காமல், அதனால் பையன் மனமொடிந்து கிடந்தால், குறைந்த அளவில் மாதம் ஒன்றாக 3 முதல் 6 மாதம் போடுவோம். உடம்பு பிறகு தானாகவே அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும். சரியான அளவில் போட்டால் இறுதி உயரம் குறையாது. இதே மருந்தை அளவு தெரியாமல் போட்டால் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரம் மூடிக்கொள்ளும். பேர் தெரியாத 'உயர மாத்திரை', ஜிம்மில் கைமாறும் ஊசி எல்லாவற்றிலும் இந்த ஆபத்து இருக்கிறது. முதல் ஆறு மாதம் சட்டை பத்தாமல் வளர்வான். பிறகு வளரவே மாட்டான்.

பவுடரை நிறுத்திவிடுங்கள். அந்தப் பணத்துக்கு முட்டையும் பாலும் வாங்கலாம். இந்த வயதுப் பையனுக்குத் தினமும் சுமார் 45 கிராம் புரதமும் 1,000 மி.கி. கால்சியமும் வேண்டும். இரண்டு முட்டை, இரண்டு டம்ளர் பால், மதியம் பருப்பு, சாயங்காலம் சுண்டல், வாரத்தில் இரண்டு நாள் மீன் கிடைத்தால் போதும். கேழ்வரகு கால்சியத்துக்கு நல்லது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது, அதனால் போனை இரவு ஒன்பதரைக்கு வாங்கி வைத்துவிடுங்கள். கம்பியில் தொங்கினால் எலும்பு நீளாது. விளையாடினால் பசி எடுக்கும், தூக்கம் வரும், மனம் தெளியும். அதற்காகவே விளையாடட்டும்.

இந்தப் பதிலைப் படிக்கும் வேறு சில பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மகனுக்கு 9 வயதுகூட ஆகவில்லை, அதற்குள் வியர்வை நாற்றம், அந்தரங்க முடி, வகுப்பிலேயே உயரமானவன் என்றால் பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியது இந்தப் பிள்ளைகளைத்தான். சீக்கிரம் தொடங்கினால் எலும்பு சீக்கிரம் மூடும். இன்று உயரமாக இருப்பவன் நாளை குள்ளமாக நிற்பான். அதைவிட முக்கியம், இவ்வளவு சீக்கிரம் வரும் பருவ மாற்றத்துக்குப் பின்னால் மூளையிலோ, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ காரணம் இருப்பது பெண் குழந்தைகளைவிடப் பையன்களில் அதிகம். விரைகளும் பெரிதாகியிருந்தால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வோம். விரைகள் சின்னதாகவே இருந்து முடி மட்டும் வந்திருந்தால் அட்ரினல் பக்கம் தேடுவோம். காரணத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தந்தால் இந்த வேகத்தை நிறுத்தி வைக்க முடியும்.

உங்கள் மகன் விளையாடப் போவதை நிறுத்தியதுதான் இந்தக் கடிதத்திலேயே என்னைக் கவலைப்படுத்தியது. அவன் உயரத்துக்கு மருந்து தேவைப்படாமல் போகலாம். அவன் மனசு அதுவரை காத்திருக்காது. உங்கள் கணவரைப் பேசச் சொல்லுங்கள். 'எனக்கும் இப்படித்தான்டா இருந்தது' என்று அப்பா வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்கு இந்த வயதில் தனி மதிப்பு உண்டு. வகுப்பு ஆசிரியரையும் பி.டி. மாஸ்டரையும் தனியாகப் பார்த்து, 'பொடியா' என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். முக்கியமாக, வீட்டுக்கு வரும் உறவினர்கள் அவன் எதிரில் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. நாத்தனாரிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

வாரா வாரம் சுவரில் நிற்க வைத்து அளக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் பட நிற்க வைத்து, தலைமேல் ஒரு புத்தகத்தைத் தட்டையாக வைத்துக் கோடு போடுங்கள். காலையில் இருக்கும் உயரம் சாயங்காலம் ஒரு சென்டிமீட்டர்வரை குறையும் என்பதால் எப்போதும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது பள்ளியில் எடுத்த பழைய உயரக் குறிப்புகள் எத்தனை கிடைக்கிறதோ அத்தனையும், அவன் பிறந்தபோது இருந்த எடையும், உங்கள் கணவரும் நீங்களும் எந்த வயதில் பருவமடைந்தீர்கள் என்ற விவரமும் கையில் இருக்கட்டும். இந்த மாதமே ஒருமுறை காட்டிவிட்டு, 14 வயது முடிந்ததும் மறுபடி காட்டுங்கள். பரிசோதனை அறைக்குள் யார் இருக்க வேண்டும் என்பதை அவனிடமே கேளுங்கள். அப்பா போதும் என்றால் நீங்கள் வெளியே உட்காருங்கள்.