தங்கை மகனின் இன்சுலினை நிறுத்தாதீர்கள்

டைப் 1 சர்க்கரை நோயுள்ள தங்கை மகனை, '90 நாளில் இன்சுலினே வேண்டாம்' என்னும் பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணா. இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் நிலை) வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

'குணமானவர்' என்று பயிற்சி நடத்துபவர்கள் காட்டும் ஆளுக்கு எந்த வகை சர்க்கரை நோய் என்று கேளுங்கள். டைப் 2-இல் எடை குறைந்து, மருந்தை நிறுத்தி 3 மாதமான பிறகும் ஹெச்பிஏ1சி (இரண்டு, மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே நிற்பது உண்டு. டைப் 1-இல் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோவதால், அதற்கு இது பொருந்தாது.

அப்புறம், நோய் தெரிந்து 4 மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். இன்சுலின் தொடங்கிய புதிதில் கணையம் கொஞ்சம் தேறி, சில மாதங்களுக்கு ஊசியின் அளவு தானாகவே குறையும். 'ஹனிமூன்' காலம் என்பார்கள். என் அக்கா மகளுக்கும் அப்படித்தான் குறைந்து, பிறகு ஏறியது. அந்தச் சமயத்தில் ஏதாவது கஷாயம் கொடுத்திருந்தால் அதுதான் காரணம் என்று நாங்களும் நம்பியிருப்போம். பயிற்சிக்கு நீங்கள் ஏற்கெனவே கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.