மூலைவிட்டம் இரண்டும் சமமா? உட்பெருக்கம், செங்குத்து பற்றிக் கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இன்னர் ப்ராடக்ட், ஆர்த்தோகொனாலிட்டி பற்றிக் கேட்டு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. முதலாவதை உட்பெருக்கம் என்றும், ஆர்த்தோகொனல் என்பதைச் செங்குத்து என்றும் எழுதுகிறேன். இரண்டின் உட்பெருக்கம் பூச்சியம் என்றால் அவை செங்குத்து. பரீட்சையில் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள சொல்லையே போடுங்கள்.

காரைக்குடி, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி: பிளஸ் டூவில் இரண்டு நீளங்களையும் பெருக்கி, நடுவில் உள்ள கோணத்தின் கொசைனாலும் பெருக்கினால் அதுதான் டாட் ப்ராடக்ட் என்றார்கள். இப்போது மூன்று விதிகளைக் கொடுத்துவிட்டு இதுதான் உட்பெருக்கம் என்கிறார்கள். கோணம் எங்கே போனது சார்?

எங்கும் போகவில்லைம்மா, வரிசைதான் தலைகீழாகியிருக்கிறது. பள்ளியில் கோணம் முதலில் வந்தது, பெருக்கம் அதிலிருந்து வந்தது. இங்கே பெருக்கம்தான் முதலில். ஒரு வெக்டரைத் தன்னோடு தானே பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நீளம். இரண்டு வெக்டர்களின் பெருக்கத்தை அவற்றின் நீளங்களால் வகுத்தால் வருவது கொசைன். கோணம் அதிலிருந்து பிறக்கிறது.

ஆனால் அந்த எண் -1க்கும் 1க்கும் நடுவில் இருந்தால்தானே கொசைன் என்று சொல்ல முடியும்? அந்த உத்தரவாதத்தைத் தருவதுதான் கோஷி-ஷ்வார்ஸ் சமனின்மை. கோஷி 1821இல் எண்களின் கூட்டலுக்கு இதை எழுதினார், புன்யகோவ்ஸ்கி 1859இல் தொகையீட்டுக்கு எழுதினார், ஷ்வார்ஸ் அதற்கும் பின்னால் வந்தவர். பத்து மார்க் நிரூபணமாக இதை உருப்போடுகிறவர்கள் பலர். இது இல்லாவிட்டால் கோணம் என்ற சொல்லுக்கே இங்கே பொருள் கிடையாது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

முதல் விதி, இடவலம் மாற்றினாலும் பெருக்கம் மாறாது. இரண்டாவது, கூட்டலையும் எண் மடங்கையும் பிரித்து எழுதலாம். பிள்ளைகள் சறுக்குவது மூன்றாவதில்: பூச்சியம் அல்லாத எந்த வெக்டரும் தன்னோடு பெருக்கப்பட்டால் மிகை எண் வர வேண்டும். முதல் உறுப்புகளின் பெருக்கலில் இருந்து இரண்டாம் உறுப்புகளின் பெருக்கலைக் கழிப்பது என்று ஒரு விதி வைத்தால், இடவலம் மாற்றலாம், கூட்டலைப் பிரிக்கலாம், எல்லாம் சரி. ஆனால் (1, 1) தன்னோடு சேர்ந்தால் 1 - 1 = 0. ஆள் நிற்கிறான், உயரம் பூச்சியம்! அதனால் இது உட்பெருக்கம் ஆகாது.

ஆத்தங்குடி, கல் பதிக்கும் வேலை: அறையோட மூலைவிட்டம் ரெண்டையும் டேப் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் கல் பதிக்க ஆரம்பிப்போம். இன்ஜினியரிங் படிக்கிற மகன், இது வெக்டர் கணக்குதான்னு சொல்றான். நெசமா?

நிஜம்தான் அண்ணே, தம்பி சரியாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மூலையில் நின்று இரண்டு சுவர்களையும் இரண்டு வெக்டர்களாகப் பாருங்கள். இரண்டையும் கூட்டினால் ஒரு மூலைவிட்டம், கழித்தால் இன்னொன்று. முதல் மூலைவிட்டத்தின் வர்க்கத்தில் இருந்து அடுத்ததின் வர்க்கத்தைக் கழித்தால், சுவர்களின் உட்பெருக்கத்தைப் போல 4 மடங்கு வரும். மூலைவிட்டங்கள் சமம் என்றால் கழித்தது பூச்சியம், உட்பெருக்கமும் பூச்சியம், மூலை செங்குத்து. உங்கள் டேப் அளப்பது அதைத்தான்.

சமமாக இல்லாவிட்டால் எவ்வளவு கோணல் என்றும் சொல்லிவிடலாம். 20 அடிக்கு 15 அடி அறை. மூலைவிட்டம் சரியாக 25 அடி வர வேண்டும். ஒன்று 25 அடி 2 அங்குலமும் மற்றது 24 அடி 10 அங்குலமும் வருகிறது என்று வையுங்கள். வர்க்கங்களின் வித்தியாசம், இரண்டின் கூட்டலை அவற்றின் வித்தியாசத்தால் பெருக்கியது: 50 × 1/3, அதாவது சுமார் 16.67. நாலில் ஒரு பங்கு 4.17. அதை 20 × 15 = 300ஆல் வகுத்தால் 0.0139, அதுதான் மூலைக் கோணத்தின் கொசைன். மூலை ஏறக்குறைய 0.8 பாகைதான் விலகியிருக்கிறது. கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆனால் 15 அடிச் சுவர் முடியும் இடத்தில் அது இரண்டரை அங்குலம். பத்தங்குலக் கல்லில் கால்வாசி!

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டு முன்னறையில் கல் பதித்தவர், சுவரை நம்பிக் கயிறு கட்டிவிட்டார். கடைசி வரிசையில் ஒரு பக்கம் முழுப் பூவும் மறுபக்கம் முக்கால் பூவுமாக நின்றது. பீரோவை நகர்த்தி மறைத்திருக்கிறேன். ஒப்பந்தக்காரர் சுவர்மேல் பழி போட்டார், நான் முதலில் மூலைவிட்டத்தை அளக்கச் சொல்லாத என்மேல் போட்டுக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எதிரெதிர்ச் சுவர்கள் சமமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். சரிவகத்தில்கூட மூலைவிட்டங்கள் சமமாக வரலாம், மூலை மட்டும் செங்குத்தாக இருக்காது.

கானாடுகாத்தான், எம்.எஸ்சி. மாணவர்: நீளம் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பின்னால் ஓர் உட்பெருக்கமும் கட்டாயம் இருக்குமா?

இருக்காது தம்பி. உங்கள் ஊர் வீதிகளே உதாரணம். நேராகவும் குறுக்காகவும் மட்டுமே நடக்க முடியும் என்றால், தூரம் என்பது இரண்டு திசையிலும் நடந்ததன் கூட்டல். இணைகரத்தில் மூலைவிட்ட வர்க்கங்களின் கூட்டல், இரண்டு பக்க வர்க்கங்களின் கூட்டலைப் போல இருமடங்கு இருக்க வேண்டும். (1, 0), (0, 1) எடுத்தால் நடைக்கணக்கில் மூலைவிட்டம் ஒவ்வொன்றும் 2. ஒரு பக்கம் 4 + 4 = 8, மறுபக்கம் 2(1 + 1) = 4. பொருந்தவில்லை. இணைகர விதிக்குப் பொருந்தும் நீளம் எதுவானாலும் அது உட்பெருக்கத்தில் இருந்து வந்ததுதான் என்று ஜோர்டானும் ஃபான் நாய்மனும் 1935இல் காட்டினார்கள்.

தேவகோட்டை, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: கிராம்-ஷ்மிட் கணக்கில் மூன்றாவது வெக்டர் எனக்கு எப்போதும் தப்பாக வருகிறது. (1,1,0), (1,0,1), (0,1,1).

உங்கள் தப்பு எதுவென்று ஊகிக்க முடிகிறது, வருடா வருடம் விடைத்தாளில் பார்த்தது. கிராம்-ஷ்மிட் என்பது கொடுத்த வெக்டர்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக்கும் முறை. பெருக்கம் இங்கே நேருக்கு நேர் உறுப்புகளைப் பெருக்கிக் கூட்டுவது. முதல் வெக்டரை அப்படியே வையுங்கள். இரண்டாவதில் இருந்து, முதலாவதன் மேல் அது விழும் வீழலை, அதாவது முதலாவதன் திசையில் அதற்குள்ள பங்கை, கழியுங்கள் (இரண்டின் பெருக்கத்தை முதலாவதன் நீள வர்க்கத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும்): (1,0,1) - ½(1,1,0) = (½, -½, 1). பின்னம் தொல்லை, இரண்டால் பெருக்கி (1,-1,2) என்று வைத்துக்கொள்வோம், திசை மாறாது.

மூன்றாவதில் இரண்டு வீழல்களைக் கழிக்க வேண்டும். இங்கேதான் பலர் பழைய (1,0,1)ஐயே எடுத்துக் கழிக்கிறார்கள். அப்படிச் செய்தால் (-1, ½, ½) வரும். (1,1,0)உடன் பெருக்கினால் -½. செங்குத்து இல்லை. கழிக்க வேண்டியது புதிய (1,-1,2)இன் மேல் விழும் வீழலை. அதனுடன் பெருக்கம் 1, நீளத்தின் வர்க்கம் 6. ஆக (0,1,1) - ½(1,1,0) - ⅙(1,-1,2) = (-⅔, ⅔, ⅔), அதாவது (-1,1,1)இன் திசை. முதலாவதுடன் பெருக்கினால் -1 + 1 = 0, இரண்டாவதுடன் -1 - 1 + 2 = 0. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, செய்யாமல் தாளைக் கொடுக்காதீர்கள். நீளத்தை 1 ஆக்குவதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் வர்க்கமூலங்கள் நடுவில் வந்து குழப்பாது.

பள்ளத்தூர், மாணவி: பூச்சிய வெக்டர் எல்லாவற்றுக்கும் செங்குத்தா?

ஆமாம். அதனால்தான் "செங்குத்தான வெக்டர்கள் சார்பற்றவை" (ஒன்றை மற்றவற்றின் மடங்குகளைக் கூட்டிப் பெற முடியாது) என்று எழுதும்போது "பூச்சியம் அல்லாத" என்பதை விட்டுவிட்டால் மார்க் போகும்.

கண்டனூர், பி.எஸ்சி. மாணவர்: 1ம் எக்ஸும் செங்குத்து என்று ஒரு புத்தகம், இல்லை என்று இன்னொன்று. எது சரி?

இரண்டும் சரி, இடைவெளியைப் பாருங்கள். இரண்டையும் பெருக்கித் தொகையிடுவதுதான் இங்கே உட்பெருக்கம். -1 முதல் 1 வரை தொகையிட்டால் எக்ஸ் இருபுறமும் அடிபட்டு 0. 0 முதல் 1 வரை என்றால் ½. பல்லுறுப்புக்கோவைகள் அதேதான், பெருக்கம்தான் மாறியது. எந்தப் பெருக்கம் என்று சொல்லாமல் செங்குத்தா என்று கேட்பது, எந்த ஊரில் இருந்து என்று சொல்லாமல் தூரம் கேட்பது போல.

கலப்பெண்ணில் ஏன் இணையெண் எடுக்கிறோம்? (அதே மாணவர்)

இணையெண் என்பது ஐ வரும் பகுதியின் குறியை மாற்றுவது, ஐ² = -1. எடுக்காவிட்டால் (1, ஐ) தன்னோடு சேர்ந்து 1 + ஐ² = 0 ஆகிவிடும். மறுபடியும் உயரமில்லாத ஆள். இணையெண் எடுத்தால் 2. கணிதக்காரர்கள் பெரும்பாலும் இரண்டாவதற்கும், இயற்பியல்காரர்கள் முதலாவதற்கும் எடுப்பார்கள். புத்தகம் மாற்றும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி, பலகாரக் கடை நடத்துபவர்: கைமுறுக்கு மூன்று வாரமாக 40, 49, 52 கிலோ போனது. கம்ப்யூட்டரில் ஒரு கோடு வருகிறது. அதற்கும் செங்குத்துக்கும் என்ன சம்பந்தம் சார்?

நிறைய இருக்கிறது. உங்கள் விற்பனை (40, 49, 52) என்ற ஒரு வெக்டர். சராசரி 47, (1,1,1)இன் மேல் அது விழும் வீழல்தான் (47, 47, 47). மிச்சம் (-7, 2, 5). கூட்டினால் 0, அதாவது (1,1,1)க்குச் செங்குத்து. அடுத்து வாரங்களை நடுவாரத்தில் இருந்து எண்ணுங்கள்: (-1, 0, 1). இதுவும் (1,1,1)க்குச் செங்குத்துதான், அதனால் முதல் கணக்கு கலையாது. மிச்சத்தோடு பெருக்கினால் 7 + 5 = 12, நீளத்தின் வர்க்கமான 2ஆல் வகுத்தால் 6. வாரத்துக்கு 6 கிலோ கூடுகிறது. அதையும் கழித்தால் மீதி (-1, 2, -1). இது இரண்டுக்கும் செங்குத்து, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மீதி செங்குத்தாக இருப்பதால்தான் அதைவிடச் சிறிய மீதி கிடைக்காது. வேறு எந்தக் கோடு போட்டாலும் பித்தகோரஸ் தேற்றப்படி பிழை நீளும். லெஜாந்தர் 1805இலும் காஸ் 1809இலும் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை இதுதான்.

நாலாவது வாரத்துக்குக் கோடு 47 + 12 = 59 கிலோ சொல்லும். அந்த வாரம் தீபாவளி வருகிறதா என்பது கோட்டுக்குத் தெரியாது, மாவை நீங்கள் கூடவே அரைத்து வையுங்கள்.