முப்பது கேள்வியும் ஒரு கட்சியும்

அன்புள்ள சார்,

எனக்கு வயது இருபத்தாறு. இதுவரை ஒரே ஒரு தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறேன், அதுவும் வீட்டில் கைகாட்டிய கட்சிக்கு. இந்த முறை சொந்தமாக யோசித்துப் போடலாம் என்று, நம் கருத்துக்கு ஏற்ற கட்சி எது என்று சொல்லும் இணையக் கேள்விப் பட்டியல் ஒன்றை நிரப்பினேன். 30 கேள்விகள். முதலில் வந்த கட்சிக்கும் எனக்கும் 62 சதவீதப் பொருத்தம். இரண்டாவதாக வந்தது 58. அந்த இரண்டாவது கட்சியைக் கண்டாலே எனக்கு ஆகாது. வரி, வேலைவாய்ப்பு என்று வந்தால் ஒரு கட்சி சொல்வது சரியாகப் படுகிறது, பெண்ணுரிமை, சுற்றுச்சூழல் என்று வந்தால் அதற்கு நேர் எதிரில் நிற்கும் கட்சி. நண்பர்கள் என்னைக் குழப்பவாதி என்கிறார்கள். 62 சதவீதக் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் மீதி 38-க்கும் நான் சம்மதம் சொன்னதாக ஆகிவிடாதா? முழுசாக ஒத்துப்போகிற கட்சி என்று ஒன்று எங்காவது இருக்கிறதா?

க.

அன்புள்ள க.,

இல்லை. இருப்பதற்கு வாய்ப்பும் கிடையாது. 30 கேள்விக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான் என்று வைத்துக்கொண்டாலும் அந்தத் தாளை 107 கோடிக்கும் அதிகமான விதங்களில் நிரப்பலாம் (சந்தேகம் இருந்தால் இரண்டை முப்பது தடவை பெருக்கிப் பாருங்கள்). களத்தில் நிற்கும் கட்சிகள் பத்தோ இருபதோ. இந்த லட்சணத்தில் ஒருவருக்கு முப்பதும் அச்சு அசலாக ஒரு கட்சியோடு பொருந்தியது என்றால் அவருக்காக நான் சந்தோஷப்பட மாட்டேன். இந்த முப்பது கருத்தும் உங்களுக்கு எங்கிருந்து வந்தன என்றுதான் கேட்பேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜெஃப்ரி கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்களிடம் அரசு நலத்திட்டம் ஒன்றைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். சிலருக்குத் தாராளமான திட்டம், சிலருக்குக் கறாரான திட்டம். கூடவே, இதை எந்தக் கட்சி ஆதரிக்கிறது என்ற தகவலையும் வைத்தார். தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்று தெரிந்ததும் இடதுசாரிச் சாய்வு கொண்ட மாணவர்கள் கறாரான திட்டத்துக்கும் தலையாட்டினார்கள், பழமைவாத மாணவர்கள் தாராளமான திட்டத்துக்கும் தலையாட்டினார்கள். அப்புறம்தான் வேடிக்கை. எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்றால், திட்டத்தைப் படித்துத்தான் என்றார்கள். உங்களைக் குழப்பவாதி என்று சொன்ன அந்தத் தெளிவான நண்பர்களை நினைத்துக்கொண்டேன்.

வரியில் ஒரு பக்கம், பெண்ணுரிமையில் மறுபக்கம் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டும் என்று தர்க்கம் சொல்லவில்லை. கட்டியது கட்சிகள்தான், அதுவும் அந்தந்தக் காலத்தில் யார் யாருடைய ஓட்டைச் சேர்த்தால் ஜெயிக்கலாம் என்று பார்த்து.

சரி, உங்கள் 62-க்கும் 58-க்கும் வருகிறேன். இந்தப் பட்டியல்களின் மூத்தது நெதர்லாந்தின் ஸ்டெம்வைசர். 1989-ல் பள்ளி மாணவர்களுக்குக் கட்சிகளை அறிமுகப்படுத்தக் காகிதத்தில் வந்தது, 1998-ல் இணையத்துக்கு ஏறியது. ஜெர்மனியில் 2002-ல் இருந்து வால்-ஓ-மாட் என்று ஒன்று இருக்கிறது, குடிமைக் கல்விக்கான அரசு நிறுவனமே நடத்துகிறது. அதன் மதிப்பெண் முறை எளிது. நீங்களும் கட்சியும் ஒரே பதில் சொன்னால் 2, ஒருவர் ஆம் அல்லது இல்லை என்று சொல்லி மற்றவர் நடுநிலை என்றால் 1, நேர் எதிர் என்றால் பூஜ்யம். நீங்கள் நிரப்பியதும் அதே முறை என்று வைத்துக்கொள்வோம். 30 கேள்விக்கு மொத்தம் 60. 62 சதவீதம் என்றால் 37, 58 சதவீதம் என்றால் 35. வித்தியாசம் வெறும் இரண்டு மதிப்பெண். அந்த இரண்டு கட்சிகளும் மோதிக்கொள்ளும் ஏதோ ஒரு கேள்வியில், அன்றைக்கு இருந்த மனநிலையில் 'ஆம்' என்பதற்குப் பதில் 'நடுநிலை' என்று அழுத்தியிருந்தால் இரண்டும் 36-ல் வந்து நிற்கும். 'இல்லை' என்று அழுத்தியிருந்தால் உங்களுக்கு ஆகாத கட்சி 37, பிடித்த கட்சி 35. ஒரே ஒரு கேள்வி. நீங்கள் பாட்டுக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நானும் ஒருமுறை நிரப்பிப் பார்த்தேன். இரண்டு கேள்விகளுக்கு மட்டும் 'எனக்கு இது முக்கியம்' என்று குறியிட்டுவிட்டு, வேறு எதையும் தொடாமல் மறுபடி முடிவைப் பார்த்தால் நான்காவதாக இருந்த கட்சி முதலில் நிற்கிறது! இயந்திரத்தின் மேல் தப்பு இல்லை. முதல் தடவை எனக்கு எல்லாமே சம முக்கியம் என்று நானே சொல்லியிருக்கிறேன், அது பொய்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. வால்-ஓ-மாட் மாதிரிப் பட்டியல்களில் கட்சிகளிடம் நிறையக் கூற்றுகளை அனுப்பிப் பதில் வாங்கிவிட்டு, கட்சிகளைப் பிரித்துக் காட்டும் கூற்றுகளை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். எல்லாக் கட்சியும் ஒரே பதில் சொன்னால் அந்தக் கேள்வியால் பிரயோஜனம் இல்லை, நியாயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், எல்லாக் கட்சியும் ஒரு குரலில் ஒத்துக்கொண்டு நீங்கள் மட்டும் மறுக்கும் விஷயம் அந்தத் தாளில் வரவே வராது. உங்கள் மிக முக்கியமான கருத்து அதுவாகவே இருக்கலாம். அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

நிறையக் கட்சிகள் இருந்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்கிற முறையில் இரண்டு பெரிய கட்சிகள் மிஞ்சும் போக்கு உண்டு என்பதும், வாங்கிய ஓட்டின் அளவுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறையில் சின்னக் கட்சிகள் பிழைக்கும் என்பதும் மொத்தத்தில் உண்மை. நெதர்லாந்தில் 150 இடம் உள்ள அவைக்கு 2021-ல் 17 கட்சிகள் நுழைந்தன. விலங்குகளின் நலனுக்காகவே தொடங்கிய கட்சி ஒன்று 2006-ல் 2 இடங்களோடு அங்கே உள்ளே போனது. உங்களுக்கு விலங்குகள்தான் உயிர் என்றால் கச்சிதமான பொருத்தம் என்று தோன்றும். ஆனால் அவைக்குள் போனபின் ஓய்வூதியத்துக்கும் ராணுவத்துக்கும் வரிக்கும் அவர்களும் கை தூக்கத்தானே வேண்டும்? அங்கே மறுபடி நீங்கள் 62 சதவீதத்துக்கு வந்துவிடுவீர்கள்.

மீதி 38-க்கும் சம்மதம் சொன்னதாக ஆகாதா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். ஜெயித்த கட்சி எதுவும் அப்படித்தான் சொல்லும், எங்கள் அறிக்கை முழுவதற்கும் மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள் என்று. அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்க ஒரு பழைய புதிர் இருக்கிறது, ஆஸ்ட்ரோகோர்ஸ்கி என்ற அரசியல் அறிஞர் பெயரில் வழங்குவது. ஐந்து பேர், மூன்று பிரச்சினைகள், சிவப்பு, பச்சை என்று இரண்டு கட்சிகள். முதல் ஆளுக்கு முதல் பிரச்சினையில் சிவப்பு சரி, மற்ற இரண்டிலும் பச்சை. இரண்டாவது ஆளுக்கு இரண்டாவது பிரச்சினையில் மட்டும் சிவப்பு. மூன்றாவது ஆளுக்கு மூன்றாவதில் மட்டும். கடைசி இரண்டு பேரும் மூன்றிலும் சிவப்பு. ஒவ்வொருவரும் தனக்கு அதிகம் பொருந்தும் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் பச்சை 3, சிவப்பு 2. பச்சை ஆட்சி. இப்போது பிரச்சினை பிரச்சினையாக எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்புக்குத்தான் மூன்று பேர். பச்சை எதைச் செய்தாலும் மூன்றிலும் பெரும்பான்மைக்கு எதிராகத்தான் செய்யும், கேட்டால் மக்கள் தீர்ப்பு என்று சொல்லும்! ஆகவே உங்கள் ஓட்டில் அந்த 38 இல்லை. இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், இல்லை என்று நீங்கள் கத்தலாம்.

கட்சி உறுப்பினர் கதை வேறு. இருபதுகளில் மூன்று வருடம் நான் ஒரு கட்சியில் இருந்தேன், பெயர் வேண்டாம். ஒரு நாள் தலைமை தன் நிலைப்பாட்டை அப்படியே திருப்பிப் போட்டது. கிளைக் கூட்டத்தில் ஒரு மூத்த தோழர் ஒரு மணி நேரம் விளாசித் தள்ளினார், கை நடுங்கியது, தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு அதையும் கவனிக்காமல் பேசினார். கடைசியில் எண்ணிப் பார்த்ததில் அவர் பக்கம் நாலு பேர். மறுநாள் காலையில் பார்த்தால் புதிய நிலைப்பாட்டை விளக்கும் துண்டறிக்கையை அவரே தெருவில் நின்று கொடுத்துக்கொண்டிருக்கிறார். என்னண்ணே இது என்றேன். "உள்ளே பேச வேண்டியதை உள்ளே பேசியாச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு என் கையிலும் ஒரு கட்டைத் திணித்தார். நான் அந்தக் கட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தவன்தான், திரும்பப் போகவில்லை. அவர் வேஷதாரி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை, ஆனாலும் என்னால் அது முடியாது. வாக்காளருக்கு அந்தத் துண்டறிக்கையைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. ஓட்டையும் போட்டுவிட்டு மறுநாளே திட்டலாம்.

நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கட்சிப் பெயர் எதையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்றே மூன்று விஷயம் எழுதுவேன், ஒரு கட்சி இதற்கு எதிராகப் போனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது என்பவை. ஐந்தாக்கக் கூடாது, கைவிடுகிற வலி வேண்டும். அப்புறம் அந்த மூன்றிலும் கட்சிகள் என்ன சொல்கின்றன என்று பார்க்க மாட்டேன், தேர்தல் அறிக்கையில் எல்லோரும் நல்லவர்கள். என்ன செய்தார்கள் என்று பார்ப்பேன். ஆட்சியில் இருந்தபோது அதற்குப் பணம் ஒதுக்கினார்களா, அவையில் ஓட்டெடுப்பு வந்தபோது எந்தப் பக்கம் கை தூக்கினார்கள், கூட்டணி பேரத்தில் முதலில் எதை விட்டுக்கொடுத்தார்கள். இந்தக் கடைசி ஒன்றுதான் நிறையச் சொல்லும். பேரத்தில் முதலில் கழற்றிவிடப்படும் விஷயத்துக்குக் கட்சிக்குள் ஆள் இல்லை என்று அர்த்தம், அறிக்கையில் அதற்கு எத்தனை பக்கம் இருந்தாலும்.

வேட்பாளரையும் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் ஸ்மார்ட்வோட் என்ற தளத்தில் கட்சிகளோடு நிற்காமல் ஒவ்வொரு வேட்பாளரும் தனித்தனியாகப் பதில் சொல்கிறார்கள், ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பேர் பதில் வேறு வேறாக இருப்பது அங்கே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அந்த 58 சதவீதக் கட்சியை விட்டுவிட்டேனே. உங்களுக்கு ஆகாத கட்சியோடு எந்தெந்தக் கேள்விகளில் ஒத்துப்போனீர்கள் என்று பட்டியலைத் திறந்து பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதில் உங்கள் மூன்றில் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.