படகுக்கு 'விடிவெள்ளி' என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: காசிமேட்டில் புது ஃபைபர் படகு இறக்கப் போகிறோம். 'விடிவெள்ளி' என்று பெயர் எழுத ஆசை. அது சாத்தானின் பெயர் என்கிறார் மச்சான். மாதா பிரார்த்தனையிலேயே வருகிறதே என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?

பதில்: தாராளமாக எழுதுங்கள். மச்சான் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்.

முதலில் அது நட்சத்திரமே இல்லை. சுக்கிரன் என்கிற வெள்ளிக் கிரகம். சூரியனை விட்டு ஏறக்குறைய 47 டிகிரிக்கு மேல் அது விலகித் தெரியாது. அதனால்தான் நடுராத்திரியில் அதைப் பார்க்க முடிவதில்லை. சில மாதம் விடியலுக்கு முன்பு கடல் பக்கம் எழும். அப்புறம் கொஞ்ச நாள் காணாமல் போய், மாலையில் மேற்கே, ஊர்ப்பக்கம் நிற்கும். மறுபடி அதே நிலைக்கு வர சுமார் 584 நாள் ஆகும். 'வெள்ளி முளைச்சாச்சு' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இனி மச்சானின் சந்தேகம். ஏசாயா 14:12-இல் வானத்திலிருந்து விழுந்த விடிவெள்ளி என்று வருகிறது. அங்கே கேலி செய்யப்படுபவன் பாபிலோன் ராஜா. லத்தீன் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'லூசிஃபர்' என்று போட்டார்கள். 'ஒளி கொண்டுவருபவன்' என்று பொருள். வெள்ளிக்கு லத்தீனில் வழங்கிய சாதாரணப் பெயர்தான். விழுந்தவன் சாத்தான் என்று பின்னால் வந்தவர்கள் வாசித்ததால், அந்தச் சொல்லும் அவனுக்கே ஒட்டிக்கொண்டது.

அதே வேதத்தின் கடைசி அதிகாரத்தில், வெளிப்படுத்தல் 22:16-இல், இயேசுவே தன்னை விடிவெள்ளி என்கிறார். மச்சானிடம் இதையும் படிக்கச் சொல்லுங்கள். பேதுருவின் இரண்டாம் நிருபத்திலும் விடிவெள்ளி இருதயத்தில் உதிக்கிறது. அந்தப் பேதுருவும் வலை வீசியவர்தானே! அம்மா சொல்வதும் சரி: மாதா பிரார்த்தனையில் 'விடியற்காலத்தின் நட்சத்திரமே' என்ற அழைப்பு உண்டு.

ஆங்கிலப் பெயராக 'மார்னிங் ஸ்டார்' என்று எழுதினால் மட்டும் வேறு அர்த்தங்கள் வந்து சேரும். ஐரோப்பியப் போர்வீரர்கள் வைத்திருந்த முள் பதித்த தண்டாயுதத்துக்கும் அதே பெயர். பங்குச் சந்தைக்காரர்களுக்கோ அது விலைப் படத்தில் மெழுகுவர்த்தி போல வரையும் மூன்று கட்டைகள்: நீளமான சிவப்பு (விலை இறக்கம்), நடுவில் குட்டையானது, பிறகு நல்ல பச்சை (ஏற்றம்). விலை இறங்கியது போதும், இனி ஏறலாம் என்பதற்கு அறிகுறியாம். ஏறத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

என்னைக் கேட்டால் தமிழிலேயே எழுதுங்கள். அதே பெயரில் பக்கத்திலேயே இன்னொரு படகு நின்றாலும் கவலை வேண்டாம், அடையாளத்துக்குப் பதிவு எண் இருக்கிறது.